நுனாவுட்டுக்கு வருவது அதிகாரப் பகிர்வா, கையளிப்பா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

> 'டெவொலூஷன்' (தலைநகர் அரசு தன் அதிகாரத்தை வட்டார அரசுக்குத் தருவது) என்பதற்கு 'அதிகாரப் பகிர்வு' நிலைத்துவிட்டது. இருக்கும் சொல்லை விட்டுப் புதிது தேடுவானேன்?

ஐயா, நியாயமான கேள்விதான். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தை ஒட்டி இந்தச் சொல் பத்திரிகையிலும் மேடையிலும் புழங்கிப் புழங்கி மெருகேறிவிட்டது. அதை அசைக்க நான் யார்? என் சிக்கல் கனடாவின் வடகோடியில். நுனாவுட் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் கவலைகளைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே 'பகிர்வு' காலை வாரிவிட்டது.

2024 ஜனவரி 18 அன்று நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நுனாவுட்டில், பொது நிலம், கனிமம், நீர் ஆகியவற்றின் பொறுப்பு ஒட்டாவாவிடமிருந்து (அதாவது கனடாவின் தலைநகரில் உள்ள அரசிடமிருந்து) நுனாவுட் அரசுக்கு மாறப்போகிறது. இலக்கு நாள் 2027 ஏப்ரல் 1. வடக்கிலுள்ள மற்ற இரு நிலப்பகுதிகளில் யூக்கானுக்கு இது 2003 ஏப்ரல் 1இல் நடந்தது, வடமேற்கு நிலப்பகுதிகளுக்கு 2014 ஏப்ரல் 1இல். (எல்லாம் நிதியாண்டுக் கணக்கு, தேதியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.)

பகிர்வது யார்? பங்காளிகள். கனடாவின் மாகாணங்களை அப்படிச் சொல்லலாம். அவற்றின் அதிகாரம் 1867ஆம் ஆண்டின் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நுனாவுட்டோ நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சாதாரணச் சட்டத்தின் பேரில் 1999இல் உருவானது. அதற்கு வருவது பங்கு அல்ல, மாமியார் மருமகளிடம் தரும் சாவிக்கொத்து. சாவி கைமாறுகிறது, பத்திரம் பீரோவில் இருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, ஒப்பந்தத்தின்படி மாறுவது நிர்வாகமும் கட்டுப்பாடும்தான், நில உடைமை முடியரசின் பெயரிலேயே நீடிக்கும்.

இதைவிட நடைமுறையான ஒரு தொல்லையும் உண்டு. வடமேற்கு நிலப்பகுதிகளில் கனிம வருவாயில் பாதி, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அந்த அரசுக்குச் சேர்கிறது. அதில் 25 விழுக்காடு வரை உடன்பாட்டில் சேர்ந்த பூர்வகுடி அரசுகளுக்குப் போகிறது. இதுதான் உண்மையான பகிர்வு. இப்போது மொழிபெயர்த்துப் பாருங்கள்: 'அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தின் வருவாய்ப் பகிர்வுப் பிரிவின்படி பகிரப்படும் தொகை...' இரண்டாம் தடவை படிக்கும்போது எனக்கே எது எதைப் பகிர்கிறது என்று புரியவில்லை. நல்ல சொல்லை அது தேவைப்படும் இடத்துக்கு விட்டுவைப்போமே.

> 'அதிகாரக் கைமாற்று' என்று வைத்தால் எளிமையாக இல்லையா?

எளிமைதான், ஆனால் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் ஐந்நூறு ரூபாய் நினைவுக்கு வருகிறதே. நாடாளுமன்றம் நினைத்தால் இன்னொரு சட்டத்தால் திரும்பப் பெறலாம் என்பதை எண்ணும்போது, சட்டப்படி அது அவ்வளவு தவறான சொல்லும் அல்ல! ஆனாலும் அங்குள்ள பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் பல பத்தாண்டுகள் பேசிப் பெற்றதைக் கைமாற்று என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: அதிகாரக் கையளிப்பு. இலங்கை வழக்கில் ஏற்கெனவே உள்ள வினை. கையளிப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், கையளிக்கப்படும் பொருள் ஒரு பட்டியலில் இருக்கும். கோப்புகள், பணியாளர்கள் உட்பட. பட்டியலில் இல்லாதது கையளிக்கப்படவில்லை. உறுப்பினரின் கவலைகள் பெரும்பாலும் அந்த 'இல்லாத' பகுதியைச் சேர்ந்தவை என்பதால் இந்த நுணுக்கம் எனக்கு முக்கியம்.

வணிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருட்களுக்குத் தடை விதித்தது. இனூயிட் வேட்டைக்கு விலக்கு இருந்தும் தோலுக்கான சந்தை சரிந்தது. ஆனால் வெளிநாட்டு வணிகம் ஒட்டாவாவின் கையில். சட்டமன்றத்தில் பேசலாம், அவ்வளவுதான். அந்த மன்றத்தில் கட்சிகளே இல்லை, 22 பேரும் தனித்தனியாக நின்று வென்றவர்கள் என்பதால் கட்சி வழியாகத் தலைநகரை அழுத்தும் வாய்ப்பும் இல்லை.

சுரங்கக் கழிவும் அப்படியே. வடமேற்கு நிலப்பகுதிகளின் தலைநகர் யெல்லோநைஃப் அருகே மூடிக்கிடக்கும் ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் அடியில் 2,37,000 டன் ஆர்செனிக் டிரைஆக்சைடு தூசி இருக்கிறது. 2014இல் நிலத்தின் நிர்வாகம் மாறியது, இந்தச் சுமை ஒட்டாவாவிடமே இருந்தது. 'பகிர்வு' என்று எழுதினால் நஞ்சிலும் பாதி வந்துவிட்டது போல ஒலிக்கும்.

கல்வியும் மருத்துவமும் முன்பே வந்துவிட்டவை. பொறுப்பு வந்ததே தவிர, பணம் பெரும்பாலும் ஒட்டாவாவின் மானியம்தான். 25 ஊர்கள், ஒன்றையொன்று இணைக்கும் சாலை கிடையாது, ஒவ்வோர் ஊருக்கும் தனி டீசல் மின் நிலையம். கோடையில் பனி விலகும் சில மாதங்களில்தான் சரக்குக் கப்பல் வரும். பெரிய சிகிச்சை என்றால் ஒட்டாவா, வின்னிபெக் அல்லது எட்மன்டனுக்கு விமானம். (இதை 'மருத்துவப் பயணம்' என்று எழுதியிருக்கிறேன். 'மருத்துவச் சுற்றுலா' என்று யாராவது திருத்தினால் சண்டைக்கு வருவேன்.)

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். கையளிப்பு ஒப்பந்தம், கையளித்த அதிகாரம், கையளிக்காத துறைகள், கையளிப்பு நாள் எதுவும் நாக்கில் இடறவில்லை. உள்ளாட்சிகளுக்குப் பல முனைகளில் பிரித்துக் கொடுப்பதற்குப் 'பரவலாக்கம்' இருக்கட்டும்.

ஒட்டாவா, ஒட்டாவா என்றே எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மத்திய அரசா, நடுவண் அரசா, ஒன்றிய அரசா, சமஷ்டி அரசா என்ற வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம் என்றுதான். 'டெரிட்டரி'க்கு நிலப்பகுதியா, ஆட்புலமா என்பதற்கும் தனி இழை தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை பிரதியை அனுப்ப வேண்டும். அதற்குள் மறுப்பு வராவிட்டால் 'கையளிப்பு' என்றே போகும். சட்டத்துறை நண்பர்கள் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: சொத்து வழக்குகளில் 'கையளிப்பு' என்றால் உடைமையே மாறிவிட்டது என்று பொருள் கொள்வீர்களா? அப்படியானால் என் சாவிக்கொத்து வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும்.