ஓயோரோய் தோள்தட்டு: செதில் கணக்கும் காயாத உருஷியும்

செதிலன் கேட்டது:
ஜப்பானின் காமகுரா கால ஓயோரோய் கவசத்தின் தோள்தட்டைப் பழைய முறையில் செய்யும் திட்டம். 30 செ.மீ. அகலம், ஏழு வரிசை. கொசானே செதில் (வரிசையாகக் கோக்கும் சிறு தகடு) எத்தனை வெட்ட வேண்டும்? இரும்பா, தோலா? சோதனைத் துண்டில் பூசிய உருஷி (மரப்பால் பூச்சு) ஏசி அறையில் நாட்கணக்கில் கிடந்தும் பிசுபிசுக்கிறது. என்ன காரணம்?

பட்டறைவாசி:
ஒவ்வொரு செதிலும் அடுத்ததைப் பாதி மூட வேண்டும். அப்போதுதான் எங்கும் இரட்டைத் தடிமன் வரும். செதில் அகலம் 2.4 செ.மீ. என்றால் ஒவ்வொன்றும் 1.2 செ.மீ. கூட்டும். 24 செதில் வைத்தால் சரியாக 30 செ.மீ. ஏழு வரிசைக்கு 168. ஓரங்களில் ஒற்றைத் தடிமனாக நிற்கும் இடத்துக்கு அரைச் செதில் தனி.

முழுக்க இரும்பில் செய்தால் தோள் தாங்காது. அடித்து இறுக்கிய பச்சைத்தோல் செதிலையும் இரும்புச் செதிலையும் மாற்றி மாற்றிக் கோத்தார்கள். உயிர்நிலைகளை மறைக்கும் பகுதியில்தான் இரும்பு கூடும்.

மரப்பால்:
ஏசிதான் காரணம். உருஷி நீர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்சைம் ஈரக்காற்றில் வேலை செய்து பாலை இறுக வைக்கிறது. மரப்பெட்டிக்குள் ஈரத்துணி விரித்து 20–30 டிகிரி, 70–85 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடியில் பச்சையாக நின்று சுருங்கிவிடும். கையுறை கட்டாயம்: சேராங்கொட்டையும் இந்த மரமும் ஒரே குடும்பம், புண்ணும் அதே மாதிரிதான்.

பட்டறைவாசி:
இரும்புக்கு மட்டும் முதல் பூச்சைச் சூட்டில் பிடிக்க வைக்க வேண்டும், 120–150 டிகிரி. இல்லாவிட்டால் பூச்சு உரிந்து அடியில் துரு ஏறும். தோலோடு கோத்த பிறகு சூடு காட்டினால் தோல் சுருண்டுவிடும், ஆகவே கோக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

நாடாக்காரர்:
துளைகளைக் கவனியுங்கள். செதிலுக்கு 13: ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஏழு. கீழ் எட்டுத் துளையில் தோல் வார் ஓடி வரிசையைக் கட்டும். மேலே உள்ளவை பட்டு நாடாவுக்கு. வாரால் கட்டி, வளைவைச் சரிபார்த்த பிறகே மொத்த வரிசைக்கும் உருஷி. இறுகிய பின் வளைக்கப் பார்த்தால் விரிசல்தான். மேல் துளைகளில் பால் தங்கினால் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் எடுத்துவிடுங்கள்.

செதிலன்:
நன்றி. நாடாவைச் சுகாகே முறையில் இடைவெளி விட்டுக் கோக்கலாமா? பட்டு பாதியாகக் குறையும்.

நாடாக்காரர்:
காமகுரா என்றால் கூடாது. சுகாகே பிற்காலத்தது. நெருக்கமான நாடா மழையில் ஊறிக் கனக்கும், குளிரில் உறையும். பெரும்படைக்கு மலிவாகச் செய்ய வேண்டிய நெருக்கடியும் சேர்ந்தது. 1543இல் ஜப்பானின் தானேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தபின் செதிலை விட்டு முழுத்தகட்டுக்கே பலரும் மாறினார்கள். உங்களுக்குக் கெபிகிதான்: செதிலுக்கு ஒரு நாடா. செதில் 12 மி.மீ.க்கு ஒன்று வருவதால் நாடாவும் ஏறத்தாழ அதே அகலம். குறைந்தால் இடுக்கில் உருஷி தெரியும், கூடினால் மடிந்து குவியும். ஒரு நாடா இறுகினாலும் கீழ்வரிசை சாய்ந்து தொங்கும். ஆகவே இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரே உயர மரக்கட்டை வைத்துக் கோத்துக்கொள்ளுங்கள்.