ஆண்ட்ரகாஜிக்கு தமிழ்ல என்ன: முதியோரா, வளர்ந்தோரா, பட்டறிந்தோரா?

> முதியோர் கல்வியியல்னு ஏற்கனவே புழங்குது, புதுசா எதுக்கு?

அண்ணா வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு ஆண்ட்ரகாஜிக்கு, அதாவது பெரியவங்களுக்கு சொல்லிக்குடுக்கற முறைக்கு, தமிழ் கேட்டிருந்தீங்க, லேட்டா பதில் போடறேன், கோத்தகிரில மூணு நாளா மழை, கரண்டு வரதும் போறதுமா இருக்கு.

முதியோர் வேணாம்ணா. அறிவொளி எழுத்தறிவு இயக்க காலத்துல ராத்திரி பள்ளிக்கூடத்துல சிலேட்டு புடிச்ச தாத்தா தான் கண்ணுல வராரு, இப்ப அதுவும் போய் முதியோர் பென்ஷன், முதியோர் இல்லம்னு ஆயிடுச்சு. இருபத்தஞ்சு வயசு பையன முதியோர்னு சொன்னா சண்டைக்கு வருவான். அக்கா சொன்ன 'வயது வந்தோர்' ஓட்டுரிமைக்கு ஓகே, ஆனா வாய்ப்பேச்சுல 'வயசுக்கு வந்தவங்க'ன்னு ஆயிட்டா சடங்கு வீட்டுல போய் நிக்கணும். நம்ம குழுவுல இன்னொரு தம்பி 'வளர்ந்தோர் கற்பியல்'னு சுருக்கியிருந்தாப்ல, நல்லா தான் இருக்கு, ஆனா தொல்காப்பியத்துல கற்பியல்னு ஒரு இயலே இருக்கு, அது கல்யாண வாழ்க்கைய பத்தி. விட்டுடலாம்.

மூலச்சொல்லும் ஒண்ணும் ஒழுங்கு இல்ல. 1833ல அலெக்சாண்டர் காப்னு ஒரு ஜெர்மன் வாத்தியார் போட்டது, 1960கள் கடைசில அமெரிக்காவுல மால்கம் நோல்ஸ்னு ஒரு கல்வியாளர் எடுத்து பரப்பினாரு. கிரேக்கத்துல அந்த முதல் பாதி ஆம்பளைய குறிக்குது. (ஆண்னு ஒலிக்குதேன்னு கிரேக்கத்துக்கே நாம குடுத்த சொல்லுன்னு யாரும் கெளம்பிடாதீங்க, தற்செயல் தான்.) எங்க ட்ரெயினிங்ல உக்காந்தவங்க அத்தன பேரும் பொம்பளைங்க.

அத சொல்லிடறேன், ஏன்னா எனக்கு சொல்லு அங்க தான் மாட்டுச்சு. சின்ன தேயிலை விவசாயிங்களுக்கு நல்ல இலை பறிக்கிறது எப்படின்னு ஒரு வகுப்பு, வெளியூர்ல இருந்து வந்தவரு ப்ரொஜெக்டர் போட்டு 'ரெண்டு இலை ஒரு மொட்டு'ன்னு படம் காட்டறாரு, முன்வரிசைல இருக்கறவங்க முப்பது வருஷமா அதையே பறிக்கிறவங்க. பாதில ஒரு அம்மா எந்திரிச்சு "அது தெரியும் சார், ஆள் கெடைக்காம பதினஞ்சு நாள் விட்டு பறிச்சா முத்திடுது, அதுக்கு சொல்லுங்க"ன்னாங்க. அவரு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாரு, டீ குடிச்சிட்டு பாதி பேர் கெளம்பிட்டாங்க.

அடுத்த தடவ நாங்க படத்த தூக்கிட்டு தார்ப்பாய் விரிச்சோம். அன்னைக்கு பறிச்ச கூடைய கொட்டி, ஆளுக்கு ஒரு பிடி அள்ளி, நல்லது ஒரு பக்கம் முத்தினது ஒரு பக்கம்னு அவங்களே பிரிச்சு எண்ணினாங்க. அந்த அம்மா ரெண்டு குவியலையும் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எத்தன நாளைக்கு ஒரு சுத்து, கத்திரி போட்டா என்ன ஆகும், கவாத்து (செடிய வெட்டி விடறது) எப்பன்னு அவங்களுக்குள்ளயே பேச்சு போயிட்டு இருந்துச்சு, நாங்க நடுவுல ஒண்ணு ரெண்டு தான் சொன்னோம். நோல்ஸ் சொன்னதும் இது தான, இது எதுக்குன்னு தெரியணும், கைல இருக்கற அனுபவத்துல இருந்து தொடங்கணும், பாடத்த விட்டுட்டு பிரச்சனைய புடிக்கணும்.

அதனால வயச வச்சு சொல்லு வேணாம், 'பட்டறிந்தோர் பயிற்றியல்'னு வைக்கலாம்ங்கறது என் கட்சி. நோல்ஸே வயச அவ்வளவு கெட்டியா புடிக்கல, 1970ல தன் புத்தகத்துக்கு பெடகாஜிக்கு (சின்னப் பசங்களுக்கு சொல்லிக்குடுக்கற முறைக்கு) எதிரா ஆண்ட்ரகாஜின்னு உபதலைப்பு வச்சவரு, சின்னப் பசங்களுக்கும் இது ஒத்துவருதுன்னு வாத்தியாருங்க சொல்லப்போய் 1980 பதிப்புல பெடகாஜியிலிருந்து ஆண்ட்ரகாஜிக்குன்னு மாத்திட்டாரு.

---

(அண்ணாவோட பதில்) கோத்தகிரி தம்பி, தார்ப்பாய் கதை பிரமாதம், சொல்லு தான் இடிக்குது. எக்ஸ்பீரியன்ஷியல் லேர்னிங்குக்கு 'பட்டறிவுவழிக் கற்றல்'னு போன மாசம் தான் பட்டியல்ல ஏத்தினோம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா மொழிபெயர்க்கிறவங்க கொழம்பிடுவாங்க. இன்னொண்ணு, பட்டறிவு எப்பவும் ஒத்தாசை பண்றதில்ல, முப்பது வருஷம் தப்பா கவாத்து பண்ண கைய திருத்தறது புது ஆளுக்கு சொல்லிக்குடுக்கறத விட கஷ்டம், நீயும் பாத்திருப்ப. சொல்லுலயே பட்டறிவுக்கு பரிவட்டம் கட்டிட்டா அந்தப் பக்கம் மறைஞ்சிடும்.

உன் 'பயிற்றியல்' எனக்கு புடிச்சிருக்கு. 'வளர்ந்தோர் பயிற்றியல்'னு வைப்போமா? வயசு வாசன கொஞ்சம் அடிக்கும், பரவால்ல. ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் மறுக்கலன்னா ஏத்திடறேன்.