மதகுத் தண்ணீரும் தாத்தாவின் நோட்டும்

குழு: பெரிய வீட்டுக் குடும்பம்
(முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது பெரியப்பா வகுத்த விதி.)

முரளி, காலை 7:12
[படம்]
அனைவருக்கும் வணக்கம். வேடந்தாங்கல் ஏரியின் நீர் பச்சையாகி நஞ்சாகிவிட்டது என்ற குறிப்போடு இந்தப் படம் என் அலுவலக நண்பர்களின் குழுவில் வந்தது. 2022ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஏரிக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத மற்ற ஏரிகளைக் கேட்கவே வேண்டாம். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இன்று மாலைக்குள் எல்லோரும் உங்கள் பெயரைச் சேர்க்கச் சம்மதம் சொல்லுங்கள்.

குமரேசன் சித்தப்பா, காலை 7:31
முரளி, படத்தில் இருப்பது ஏரியின் உள்வாய் அல்ல. மதகுக்கு வெளியே கால்வாய் திரும்பும் இடத்தில் தேங்கிய தண்ணீர். பங்குனி பிறந்து ஏரி வற்றத் தொடங்கினால் அந்தப் பச்சை ஒவ்வோர் ஆண்டும் வரும், அப்பா காலத்திலும் வந்தது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு யூரியாவைக் குறைத்துப் போடுவதுதான் நம் வழக்கம். ஆயிரக்கணக்கான நாரைகளும் கூழைக்கடாக்களும் நான்கு மாதம் எச்சமிட்ட தண்ணீர் பன்னீர் போலவா இருக்கும்?

முரளி, காலை 7:38
வழக்கமாக வருகிறது என்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது, சித்தப்பா. அன்று எச்சம் மட்டும் கலந்தது. இன்று சுற்று வட்டாரத்தில் ஆலைகளும் இருக்கின்றன. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். கயல், உன் கல்லூரியில் அதைச் செய்ய முடியுமா?

கயல்விழி, காலை 8:05
செய்ய முடியும், அண்ணா. ஆனால் அந்த ஒரு பாட்டில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் சொல்லும். பகலில் பாசி வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை வெளியிடும், இரவில் அதே பாசி அதை உள்ளிழுத்துக்கொள்ளும். அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு மிகவும் நன்றாக இருப்பதாகத் தெரியும் நீர், விடிவதற்குச் சற்று முன்னால் மீன் மூச்சுவிட முடியாத நிலைக்கு இறங்கியிருக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், வனவிலங்குக்கும் மீன்வளத்துக்கும் உரிய நீர் ‘டி’ வகுப்பில் வருகிறது. லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜனும், 6.5 முதல் 8.5 வரை பிஎச் அளவும் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அதற்கு வேண்டும். நீங்கள் நண்பகலில் பாட்டில் பிடித்தால் ஏரி தேர்ச்சி பெறும், நான் காலை ஐந்தரைக்குப் பிடித்தால் அதே ஏரி தோற்கும். இரண்டு முடிவும் பொய்யல்ல என்பதுதான் சிக்கல்.

சாந்தி அத்தை, காலை 8:11
எனக்கு அந்த வகுப்பெல்லாம் தெரியாது, கயல். நம் மாடுகள் அந்தக் கால்வாயில்தான் தண்ணீர் குடிக்கின்றன. அவற்றை விடலாமா, கூடாதா என்று மட்டும் சொல்.

கயல்விழி, காலை 8:16
பச்சை நீரோடு கலந்து பரவலாக இருந்தால் பெரிதாக அஞ்ச வேண்டாம், அத்தை. காற்று ஒதுக்கிய மூலையில் வண்ணப்பூச்சைக் கொட்டியது போல ஆடை படிந்திருந்தால் அந்த இடத்துக்கு மாட்டை விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் கால்நடையைக் கொல்லக்கூடிய நச்சை உண்டாக்கும். சந்தேகமாக இருக்கும் நாட்களில் தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

பெரியப்பா, காலை 8:52
எல்லாவற்றையும் படித்தேன். முரளியின் மனுவில் ஏரியின் எல்லையே தவறாக இருக்கிறது. ‘30 ஹெக்டேர் பரப்புள்ள சரணாலயம்’ என்று எழுதியிருக்கிறான். 30 ஹெக்டேர் என்பது ஏரி மட்டும். 1998ஆம் ஆண்டின் அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்கிறது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். அந்தச் சுற்றுப் பரப்பு எதற்கு என்று கேட்டால், பறவை வேடந்தாங்கலில் கூடு கட்டுகிறதே தவிர அங்கே பெரும்பாலும் இரை தேடுவதில்லை. இரை மதுராந்தகம் ஏரியிலும், வழியில் உள்ள சின்னச் சின்ன ஏரிகளிலும், நம் வயல்களிலும் இருக்கிறது. அங்கே தின்ற மீனும் நத்தையும்தான் இங்கே எச்சமாக விழுகின்றன. பக்கத்து ஏரியில் கலந்த கெடுதல் சிறகு கட்டிக்கொண்டு இந்த ஏரிக்கு வந்துவிடும். இந்த ஏரித் தண்ணீரை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பது புரியாது.
இன்னொன்று. நம் முன்னோர் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி, 1790களின் இறுதியில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸிடம் கவுல் என்ற உறுதிப் பத்திரத்தை வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அவர்கள் அழகுக்காகப் பறவையைக் காத்ததாக நான் நினைக்கவில்லை. எச்சத்தின் அருமை தெரிந்த குடியானவர்கள் அவர்கள்.

முரளி, காலை 9:04
வணக்கம், பெரியப்பா. எல்லையைத் திருத்திவிடுகிறேன். ஆனால் கயலும் சித்தப்பாவும் பேசுவதைப் பார்த்தால் ஏரிக்கு ஒரு குறையும் இல்லை, மனுவே தேவையில்லை என்பது போலத் தோன்றுகிறது.

கயல்விழி, காலை 9:20
குறை இல்லை என்று நான் சொல்லவே இல்லை, அண்ணா. குறை வந்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன. 1968 முதல் அவற்றை விடாமல் அளந்து வருகிறார்கள். 1973இல் அவற்றில் ஒன்றை, 226ஆம் எண் ஏரியை, நடுவே திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரஸையும், சேர்த்தார்கள். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. பாசிக்கு மூல காரணம் பாஸ்பரஸ் என்பதை அந்த ஒரு படம் உலகத்துக்குக் காட்டியது. அந்தப் படத்தை எவரும் மறுக்க முடியாமல் போனதற்கு, அந்த ஏரிகளின் இயல்பு என்ன என்பது முன்பே எழுதப்பட்டிருந்ததும் ஒரு காரணம். நம் ஏரியின் இயல்பு என்ன? இந்தப் பங்குனிப் பச்சை பத்து ஆண்டுகளுக்கு முன்பு எந்த வாரத்தில் தொடங்கியது, இப்போது எந்த வாரத்தில் தொடங்குகிறது? நம் குடும்பத்தில் யாராவது பதில் சொல்லுங்கள்.

குமரேசன் சித்தப்பா, காலை 9:47
கயல் மணிச்சத்து என்று சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றியது. கனடா ஏரியில் விழுந்தது அங்கேயே கிடக்கும் போலிருக்கிறது. நம் ஏரிக்கு மதகு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து, தை மாசியில் மதகு வழியாக வயலுக்கு இறங்கி, வைகாசிக்குள் தரை தெரிந்துவிடும். எச்சத்தின் சத்து நெல்லாக வீட்டுக்கு வந்துவிடும். வண்டலில் தங்கியதை மாட்டுவண்டி கட்டி அள்ளி வயலில் கொட்டினோம். இப்படி ஆண்டுக்கு ஒரு முறை ஏரியின் வயிறு சுத்தமாகிக்கொண்டே இருந்ததால்தான் இத்தனை தலைமுறையாகப் பறவையும் தங்குகிறது, தண்ணீரும் நாறவில்லை என்பது என் கணக்கு. படித்தவர்கள் தவறென்றால் சொல்லுங்கள்.

கயல்விழி, காலை 9:55
தவறே இல்லை, சித்தப்பா. நான் வகுப்பில் அரை மணி நேரம் சொல்வதை நீங்கள் ஐந்து வரியில் சொல்லிவிட்டீர்கள். பாஸ்பரஸ் காற்றில் கலந்து போகாது. தண்ணீரோடு வெளியேற வேண்டும், இல்லையென்றால் சேற்றில் படிய வேண்டும். சேற்றில் படிந்தது, அடியில் ஆக்சிஜன் தீரும்போது மறுபடியும் தண்ணீருக்கு வரும். மதகைத் திறக்க ஆளில்லாமல் போனால் உங்கள் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

குமரேசன் சித்தப்பா, காலை 10:02
ஆளில்லாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை. ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் நெல் நட்டால்தான் மதகு திறப்போம். வயல் மனையானால் எதற்குத் திறப்பது? திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று வழக்கல்லவா போடுவார்கள்! முரளி, கோபிக்காதே. சென்ற தை மாதம் மனைப்பிரிவுக்காரர் ஒருவரை நம் இரண்டு ஏக்கரைக் காட்ட அழைத்து வந்தது நீதான். மனுவில் ஆலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், வயலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முரளி, காலை 10:31
அது விலை விசாரிக்க மட்டுமே, சித்தப்பா. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நினைத்துச் செய்தேன். ஏரிக்கும் அந்த வயலுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

சாந்தி அத்தை, காலை 10:34
பணத்துக்கு வழி பிறகு பேசலாம், முரளி. குழுவில் வேண்டாம்.

பெரியப்பா, காலை 10:40
சாந்தி சொல்வது சரி. மனுவுக்கு வருவோம். ஆலைக் கழிவைப் பற்றிய பத்தி இருக்கட்டும். ஆனால் ‘நஞ்சாகிவிட்டது’ என்று உறுதியாக எழுதாதே, சான்று கேட்டால் படத்தைக் காட்ட முடியாது. விடியற்காலையில், ஒரே இடத்தில், மாதம் ஒரு முறை அளந்து, அந்த எண்களை ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும் என்று கேள். சுற்றியுள்ள ஏரிகளையும் சேர்த்துக் கேள். பிரான்சிலோ இத்தாலியிலோ வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கித் தெளிவை அளந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதை நாமே செய்யலாமே.

கயல்விழி, காலை 10:58
இத்தாலிதான், பெரியப்பா. ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் 1865இல் கடலில் செய்து பார்த்தது. ஆனால் நம் கால்வாயில் முழங்காலளவு தண்ணீர்தான் இருக்கிறது, தட்டு தெளிவு முடிவதற்கு முன் தரையில் முட்டிவிடும். ஏரிக்குள் இறங்குவதற்கோ வனத்துறையின் அனுமதி வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்கும் நேரத்தில் அனுமதி கிடைத்தாலும் நான் இறங்க மாட்டேன். மதகின் வெளிவாயிலேயே அளக்கலாம். தெளிவை அளக்க அடியில் கறுப்பு வெள்ளைக் குறியிட்ட ஒரு கண்ணாடிக் குழாயும், ஆக்சிஜனை அங்கேயே நிலைப்படுத்தும் மருந்தும் புட்டிகளும் அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன். அதுவரை சித்தப்பா நேரம், நிறம், வாடை, மதகு எத்தனை விரல் திறந்திருக்கிறது என்பதை எழுதி வைத்தால் போதும்.

குமரேசன் சித்தப்பா, காலை 11:15
எழுதுவது நம் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பா மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியாக வேலை பார்த்தபோது கலங்கல் வழிந்த நாள், மதகு திறந்த நாள், முதல் நாரை வந்த நாள், ஏரி வற்றிய நாள் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதுவார். கடைசிச் சில ஆண்டுகள் கை நடுங்கி எழுத்து கோணலாக இருக்கும். அந்த நோட்டு இன்னும் இருக்க வேண்டும்.

கயல்விழி, காலை 11:16
சித்தப்பா, இதை ஏன் இவ்வளவு நாளாக யாரும் என்னிடம் சொல்லவில்லை!

சாந்தி அத்தை, காலை 11:24
பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் இருக்கிறது. மேலே உள்ள சில பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. சாவி என்னிடம் இல்லை, பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

முரளி, காலை 11:29
உடைக்க வேண்டாம், அத்தை. சென்ற பொங்கலுக்குப் பத்திரம் எடுக்கத் திறந்தபோது சாவியை நான் சென்னைக்குக் கொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை இரவு எடுத்துக்கொண்டு வருகிறேன். சித்தப்பா, ஞாயிறு காலை மதகுக்குப் போகும்போது என்னையும் எழுப்புங்கள்.

குமரேசன் சித்தப்பா, காலை 11:33
ஐந்து மணிக்கு எழுப்புவேன். எழுந்திருப்பாயா?