மறு: நம் பேட்டையில் முதலில் குடியேறியது யார் வீடு?

எல்லாருக்கும் வணக்கம்.

வடசென்னையில் நம் பேட்டைக்கு முதலில் வந்தது யார் என்று ஒரு வாரமாகக் குழுவில் நடக்கிற வழக்கை நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே வந்திறங்கிய காலத்திலேயே தன் குடும்பம் இங்கே இருந்தது என்கிறார் மஸ்கட் அண்ணன். பேட்டையின் முதல் வீடே எங்களுடையதுதான் என்கிறார் டொராண்டோ தங்கை. இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேர் கையிலும் காகிதம் எதுவும் இல்லை.

அண்ணன் சொல்வதில் ஓர் இடிக்கிற விஷயம் இருக்கிறது. 1639-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கிய பிறகு, கோட்டைக்கு வெளியே நம் ஆட்களுக்கென்று உருவான முதல் கறுப்பர் நகரம், இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில், கோட்டைக்கு எதிரே பகைவன் மறைந்து நின்று சுட ஒரு சுவர்கூட இருக்கக் கூடாது என்று அந்த ஊரைத் தரைமட்டமாக்கி மைதானமாக்கிவிட்டார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அந்தக் காலத்தில்தான் போயிற்று. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சி எடுத்ததால் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் மறுபடி எழுந்தது. பெருமாளுக்கே ஜாகை மாற வேண்டியிருந்தது. அப்படியிருக்க, 1639-லிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று யாரும் சொல்லவே முடியாது. குடும்பம் பழையதாக இருக்கலாம், வீடு இருக்காது.

உண்மையிலேயே பழைய குடி வேண்டுமென்றால் வண்டியைத் திருவொற்றியூருக்கு விடுங்கள். அங்கே கோயில் சுவரில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரியபுராணத்தில் வரும் கலிய நாயனார் அந்த ஊர்ச் சக்கரப்பாடித் தெருவில் செக்காட்டியவர். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே சொத்தெல்லாம் கரைத்தவர். கப்பலில் வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் தொழிலுக்கு ஒரு தெரு இருந்திருக்கிறது. அந்தப் போட்டியில் நாம் யாரும் ஜெயிக்கப் போவதில்லை.

ஆகவே ‘யார் முதல்’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்த அலையில் வந்தோம்’ என்று கேட்டால் விடை கிடைக்கும். வடசென்னைக்குக் குடிகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கூட்டம் வந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார், எந்தத் தெருவில் இருந்தார் என்ற இரண்டும் தெரிந்தால், எந்தக் காலத்தில் வந்திருப்பார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கம்பெனிக்குத் துணிதான் சரக்கு. நெய்கிறவன், சாயம் போடுகிறவன், வெளுக்கிறவன் மூவரும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். வண்ணாரப்பேட்டை அப்படி வந்தது. காலடிப்பேட்டைக்கு இன்னும் தெளிவான தேதி உண்டு. ஜோசப் காலெட் கவர்னராக இருந்தது 1717 முதல் 1720 வரை. அவர்தான் நெசவாளர்களைக் கூட்டிவந்து குடிவைத்தார், பேரும் அவருடையதே. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு கதை சொல்வார்கள். துரையிடம் வேலை பார்த்த வீரராகவன் காஞ்சி வரதரே கதி என்று கிடந்தாராம், துரை அவர் பக்தியைச் சோதித்துப் பார்த்து மெய்சிலிர்த்தாராம். கதை அழகு, பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் தேதி வேண்டுமென்றால் காலெட்டின் அந்த மூன்று ஆண்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைக்காரர்களுக்கு வேறு ஒரு துப்பு இருக்கிறது. சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணியாக நின்று போட்ட சண்டை 1707-ல் முற்றியபோது வலங்கையார் ஊரை விட்டே கிளம்பிச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கவர்னர் பிட் காலத்தில் நடந்த அந்தத் தகராறின் முடிவில், பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு என்று பிரித்தார்கள். வணிகர்களில் பேரி செட்டியார்கள் இடங்கை, கோமுட்டிகள் வலங்கை. பழைய தெருவை வைத்து ஒரு குடும்பம் எந்தப் பக்கம் என்று ஊகிக்க இன்றும் இது உதவும். பெருமைப்பட ஒன்றுமில்லாத சண்டைதான். ஆனால் சண்டை போட்டதால்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

படகுக்காரர் குடும்பங்களுக்கு ராயபுரம் புனித பேதுரு ஆலயம். 1829-ல் கட்டி முடிந்த கோயில், கட்டியவர்கள் அவர்களே. அலை தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் மசூலாப் படகு (பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு) ஓட்டியவர்களின் பிழைப்பு, துறைமுகம் வந்ததும் ஆட்டம் கண்டது. 1881 புயல் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தையே பெயர்த்துப்போட்டதால் கொஞ்ச காலம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். 1856-ல் ராயபுரம் ஸ்டேஷன், பெரம்பூர் ரயில்வே பட்டறை. 1876-ல் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்நாடிக் மில். நடுவில் தாது வருஷப் பஞ்சம். செங்கல்பட்டு, வடாற்காடு ஜில்லாக்களிலிருந்து எத்தனை குடும்பம் அந்த ஐந்தாறு ஆண்டுகளில் மூட்டையோடு வந்திருக்கும்! நம் குழுவில் பாதிப் பேர் இந்த அலைதான் என்பது என் எண்ணம். கடைசியாகப் பர்மா. 1964-ல் நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்து வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறியவர்கள். அறுபது ஆண்டு ஆனால் அவர்களும் பழைய குடிதான், அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே தேடுவது?

பெயரை வைத்துத் தேடாதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஐம்பது ஆண்டு இடைவெளியில் அதே பெயரில் இரண்டு ஆள் வருவார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் ஆள் பெயரும் தகப்பன் பெயரும் அப்படியே தலைகீழாக இருக்கும். ஆண்டைக் கவனிக்காமல் விட்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

வீட்டில் இருக்கும் மூலப் பத்திரத்தை எடுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரமானால் இன்னும் நல்லது. ரூபாய் நோட்டு நிறத்தில் முத்திரைத்தாள், ஓரமெல்லாம் பொடிந்திருக்கும், மடித்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கும். முதல் பத்தியிலேயே எழுதிக்கொடுத்தவர், அவர் தகப்பனார், ஜாதி, மதம், ஜீவனம் எல்லாம் வரிசையாக வரும். அந்த ‘ஜீவனம்’ என்ற இடத்தைத் தவறவிடாதீர்கள். வியாபாரம், நெசவு, படகு, ரயில்வே உத்தியோகம் என்று எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் அலை.

அதைவிடப் பெரிய புதையல் கடைசிப் பக்கத்துச் செக்குபந்தி. ‘இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, தெருவுக்கு மேற்கு, இதன் மத்தியில்’ என்று போகும் பகுதி. நம் ஆள் பெயரைவிட அதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர்தான் அதிகம். ஒரு பத்திரம் இரண்டு மூன்று குடும்பத்துக்குச் சாட்சி. ஒரே தெருவிலிருந்து ஐந்தாறு பத்திரம் சேர்ந்துவிட்டால், எந்த ஆண்டில் எந்த மனையில் யார் இருந்தார்கள் என்று தெருவையே வரைந்துவிடலாம். சாட்சிக் கையெழுத்துகளையும் பாருங்கள். சாட்சிக்கு வெளியாளைக் கூப்பிடமாட்டார்கள், மாமனோ சம்பந்தியோதான் வந்திருப்பார்.

இரண்டு தொல்லை உண்டு. கதவு எண் மாறியிருக்கும், பழைய எண்–புதிய எண் கூத்து நமக்குத் தெரிந்ததுதான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுத்தார்கள், அதனால் பத்திரத்துத் தெரு இன்றைய வரைபடத்தில் வேறு பெயரில் இருக்கும். இரண்டு பெயரையும் குறித்துவையுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கும் காலத்துக்கு அப்பால் போக, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். ஊரில் இருக்கும் மச்சான் யாரையாவது பிடியுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை சுலபம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும், காசிமேட்டுக் கல்லறையில் கல்லும் இருக்கும். இஸ்லாமியக் குடும்பங்கள் ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்காவை ஒட்டிய பழைய ஆட்களை விசாரிக்கலாம். தண்டையார்பேட்டை என்ற பெயரே தொண்டியிலிருந்து வந்த அந்தப் பெரியவரால்தான் என்பார்கள். இந்துக் குடும்பங்களுக்கு மூலக்கொத்தளம் சுடுகாட்டில் ஒன்றும் மிஞ்சாது. கோயிலுக்குக் கொடுத்தவர் பெயர் பொறித்த உபயக் கல்வெட்டுதான் கதி. கருவறைக்குப் போகும் வழியில் தரையில் பதித்த சலவைக்கல், படிக்கட்டு ஓரம், வாகன மண்டபச் சுவர் என்று குனிந்து பாருங்கள். வர்ணம் அடிக்கும் ஆட்கள் எழுத்தை அடைத்துவிடுவதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக் காலத்து ஆவணம் வேண்டுவோர்க்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால் முதலில் அங்கே போகாதீர்கள். வணிகர் பெயரும், துரைமார்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷ் பெயரும் அதில் இருக்கும், வெளுத்தவர் பெயரும் படகு வலித்தவர் பெயரும் அபூர்வம். வீட்டுப் பரணிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போய், 1860கள் வரை நூல் அறுந்துபோகாமல் வந்துவிட்டால் அப்புறம் எழும்பூர்.

இனி செய்ய வேண்டியது. பத்திரத்தை முழுதாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடாதீர்கள். போலிப் பத்திரக்காரர்களுக்கு நாமே விருந்து வைத்ததாகிவிடும். முதல் பத்தி, செக்குபந்தி, சாட்சிகள் இவற்றை மட்டும் கையால் படியெடுத்து, பத்திரம் எழுதிய ஆண்டு, தெருவின் பழைய பெயரோடு எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். சர்வே எண், கையெழுத்து, கைநாட்டு எதுவும் வேண்டாம். தெருவாரியாக நான் அடுக்கித் தருகிறேன். மஸ்கட் அண்ணன் வீடும் டொராண்டோ தங்கை வீடும் ஒரே தெரு என்பதால் உங்கள் இருவருடையதும் முதலில் வரட்டும். ஒருவர் செக்குபந்தியில் மற்றவர் தாத்தா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.