'எழுத்துக் கோத்தல்': ஹார்ஃப்பஸ் செய்யும் வேலைக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். சேமித்த எழுத்துக் குறிகளுக்கு எந்த வடிவம், எந்த வரிசையில் என்று முடிவு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஷேப்பிங் என்பார்கள். ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகம் செய்வது அதைத்தான். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஷேப்பிங் என்பதற்கு 'உருவமைத்தல்' போதுமே, தனிச்சொல் எதற்கு?

போதாது என்பது என் கருத்து. 'வடிவமைப்பு' டிசைனுக்குப் போய்விட்டது, 'உள்ளமைவு' கான்ஃபிகரேஷனுக்கு. இவற்றுக்கு நடுவே 'உருவமைத்தல்' என்று ஒரு பிழைச்செய்தியில் வந்தால், பக்க அமைப்பில் ஏதோ கோளாறு என்றுதான் பயனர் நினைப்பார்.

கட்டளை வரியிலிருந்து தமிழைப் படமாக்குபவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். அங்கே நடப்பவை மூன்று வேலைகள். எழுத்துருவைத் தேடித் தருவது ஃபான்ட்கன்ஃபிக். எந்த வடிவம், எந்த வரிசையில், எந்த இடத்தில் என்று முடிவு செய்வது ஹார்ஃப்பஸ். அதைப் புள்ளிகளாக வரைவது ஃப்ரீடைப். முதல் வேலை தவறினால் வெறும் கட்டங்கள் வரும். இரண்டாவது தவறினால் எழுத்தெல்லாம் வரும், ஆனால் 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்போதும் பலர் புதுப்புது எழுத்துருக்களை நிறுவிப் பார்க்கிறார்கள். எழுத்துருவில் குறையே இருக்காது. படமாக்கும் கருவியான இமேஜ்மேஜிக்கை, ஹார்ஃப்பஸை அழைக்கும் ரக்ம் நூலகம் சேர்க்காமல் தொகுத்திருப்பார்கள், அவ்வளவுதான். பதிப்பு விவரத்தைக் கேட்டால் வரும் துணை நூலகப் பட்டியலிலேயே இது தெரிந்துவிடும். இரண்டு பிழைகளையும் 'எழுத்துருப் பிரச்சினை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் வரை இந்த அலைச்சல் தீராது.

நான் முன்வைப்பது 'எழுத்துக் கோத்தல்'. அச்சகத்தில் அச்சுக் கோப்பவர் 'கொ' என்று கையெழுத்துப் படியில் கண்டால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று அச்சுகளை எடுத்து அடுக்குவார். ஹார்ஃப்பஸோடு வரும் எச்பி-ஷேப் கட்டளைக்கு அதே 'கொ'வைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே போவது இரண்டு குறிகள்: ககரம், ஒகரக் குறி. வெளியே வருவது மூன்று வடிவங்கள், மூன்றும் சேர்ந்தவை என்று காட்ட ஒரே கொத்து எண். திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்ததால் கோக்கும் வேலையைத் தட்டச்சு செய்பவரே முடித்துவிட்டார். யூனிகோடு ஒலி வரிசையில் சேமிப்பதால் அந்த வேலை மென்பொருளின் தலையில் வந்தது.

> அரபியில் ஒரே எழுத்து சொல்லின் முதல், இடை, கடை என்று வெவ்வேறு உருவம் எடுக்கிறதே? அதற்குக் 'கோத்தல்' பொருந்துமா?

நல்ல கேள்வி. பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கோப்பவரின் வேலையில் அடுக்குவது பாதிதான். எந்த அச்சை எடுப்பது என்ற தேர்வும் அவருடையதே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை'க்குத் துதிக்கை போட்ட தனி அச்சு இருந்தது. அவர் ஐகாரக் குறியைத் தொடாமல் அதை எடுத்தார். இன்றும் பழைய வடிவ எழுத்துரு ஒன்றை, ஹார்ஃப்பஸின் படம் காட்டும் கட்டளையான எச்பி-வியூவில் கொடுத்தால், குறிகள் மாறாமலே அந்தத் துதிக்கை லை கிடைக்கும். அரபியில் நடப்பதும் இத்தகைய தேர்வுதான்.

'எழுத்துக்கோப்பு' என்று பெயர்ச்சொல்லாக வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. கோப்பு என்றால் ஃபைல் என்று ஊறிப்போன பிறகு அது குழப்பும். இந்த வேலையைச் செய்யும் எஞ்சினை 'எழுத்துக்கோப்பி' என்பதும் எனக்கு உவப்பில்லை. இலங்கையில் கோப்பி என்றால் குடிப்பது. தேடுபொறிக்குப் பழகிவிட்டோம், 'கோத்தல் பொறி' என்றால் புரியும்.

ரெண்டரிங்கை இதோடு கலக்க வேண்டாம். அது மூன்று வேலைகளுக்கும் சேர்ந்த பெயர். தனி இழையில் பேசுவோம். கிளஸ்டர் என்பதை மேலே 'கொத்து' என்று எழுதியிருக்கிறேன், அதற்கு மறுப்பு உண்டா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்