தவளையை வைத்திருக்கக் காசு காணாத நாட்கள்

பெண்டில் ஹில், சிட்னி. ஜூலை 2023

எங்கட வீட்டில் ஒரு பச்சை மரத்தவளை இருக்கிறது. மகள் வைத்த பெயர் கதலி. குயின்ஸ்லாந்திலிருந்து சிட்னிச் சந்தைக்கு வந்த வாழைப்பழப் பெட்டிக்குள் ஒளிந்து வந்தவன் என்பதால் அந்தப் பெயர். இப்படி வந்து சேருகிற தவளைகளைத் திருப்பி அனுப்ப ஏலாது. எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாது, வழியில் தொற்றிய நோயை அங்கே கொண்டுபோய்ப் பரப்பவும் கூடும். ஃபாட்ஸ் என்கிற தவளை ஆர்வலர் சங்கம் அவற்றை எடுத்து, கொஞ்சக் காலம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு, அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்குக் கொடுக்கும். 2019இல் மகள் கேட்டுக் கேட்டு நான் பத்திரம் எடுத்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

2021இல் இரண்டு வீத வட்டிக்கு எடுத்த வீட்டுக்கடன் இந்த ஏப்ரலில் ஆறுக்கு மேலே போயிற்று. மாதம் ஏறத்தாழ 1,400 டாலர் கூடக் கட்டுகிறோம். அதே மாதம் இவருக்கு ஓவர்டைமும் நின்றது. வளர்ந்த தவளை வாரத்தில் இரண்டு தரம் சாப்பிட்டால் போதும், அது பெரிய செலவில்லை. ஆனால் கடையில் வாங்கும் கிரிக்கெட் பூச்சிப் பெட்டியில் பாதி, கொடுக்க முதலே செத்துவிடும். வருடத்துக்கு ஒருக்கா யூவி பல்ப் மாற்ற வேண்டும், எரிந்துகொண்டிருந்தாலும் அதில் சத்துப் போய்விடும். சாப்பாட்டில் தூவும் கால்சியம் தூள், தண்ணியில் குளோரின் நீக்கும் சொட்டு, குளிர்காலக் கரண்ட் பில். தனித்தனியே பார்த்தால் சின்னக் கணக்கு. பால் வாங்குவதா பூச்சி வாங்குவதா என்று யோசிக்கிற கிழமையில் அது சின்னக் கணக்காக இருப்பதில்லை.

நான் ஒரு பிழை விட்டேன். ஜூனில், இங்கே குளிர்காலத்தில், கரண்டை மிச்சம் பிடிக்க ஹீட்டரை நிப்பாட்டினேன், சாப்பாட்டை மட்டும் வழமைபோலக் கொடுத்தேன். நாலாம் நாள் கதலி மண்ணிறமாகி மூலைக்குள் ஒடுங்கிவிட்டான். உடம்பு குளிர்ந்தால் தவளைக்குச் செமிக்காது, வயிற்றுக்குள்ளேயே சாப்பாடு பழுதாகும் என்று மிருக வைத்தியர் போனில் சொன்னபோது எனக்குக் கை நடுங்கினது. சூட்டைத் திருப்பிக் கொடுத்து, சாப்பாட்டை நிறுத்தி, பத்து நாளில் தேறினான்.

"பின்வளவில் விடு, அது தன்ரபாட்டில் பிழைக்கும்" என்று மாமி சொல்லுறா. விட ஏலாது. சட்டமும் விடாது, என் மனமும் விடாது. 2021 குளிர்காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தவளைகள் கூட்டமாகச் செத்தது நினைவிருக்கும். நோயுற்றும் செத்தும் கிடந்த தவளைகளைப் பற்றி ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகவல்கள் போயின. அதில் கூடுதலாக அடிபட்டது பச்சை மரத்தவளைதான்.

கொடுத்தவர்களிடமே திருப்பிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இந்த நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? பிள்ளைக்கு எப்படிச் சொன்னீர்கள்?

பதில்: வென்ட்வொர்த்வில், சிட்னி

தங்கச்சி, முதலில் கடைப் பூச்சியை நிப்பாட்டுங்கோ. எனக்கு 2020இல் வேலை போனபோது வூடீஸ் வளர்க்கத் தொடங்கினேன். கரப்பான் இனம்தான், ஆனால் வீட்டுக் கரப்பான் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, நாலைந்து முட்டை அட்டை, கோழித் தீவனம், கரட் துண்டு, அவ்வளவுதான். கண்ணாடியிலும் ஏறும், அதனால் உள்விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் பூச வேண்டும். பெட்டியைச் சூடான இடத்தில் வையுங்கோ, குளிரில் பெருகாது. தொடங்கி மூன்று நாலு மாதம் கையே வைக்கக்கூடாது. பொறுமையில்லாமல் இரண்டாம் மாதமே எடுத்துக் கொடுத்தால் கூட்டம் அழிந்துபோகும், என்னுடைய முதல் பெட்டி அப்படித்தான் போனது. இப்போது மூன்று தவளைக்கு நான் பூச்சி வாங்குவதேயில்லை.

கால்சியம் தூளைக் குறைக்காதேங்கோ. எலும்பு மெலிந்து தாடை வளைந்த தவளையைப் பார்த்திருக்கிறேன், பிறகு அதை நிமிர்த்த ஏலாது. சூட்டில் மிச்சம் பிடிக்கலாம். தொட்டியை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வைத்து, மூன்று பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டி, தெர்மோஸ்டாட் போடுங்கோ. என்னுடைய ஹீட்டர் எரிகிற நேரம் அதிலேயே நல்லாகக் குறைந்தது.

என்னிடம் வந்தால் ஒரு பெட்டி வூடீஸ் தருவேன். காசு வேண்டாம்.

பதில்: கிளேட்டன், மெல்பர்ன்

அக்கா, நான் கொடுத்துட்டேன். போன வருஷம். மதுரையில அப்பாவுக்கு ஆபரேஷன், அனுப்ப வேண்டிய பணம் ஒரு பக்கம், இங்க வாடகை ஏறினது ஒரு பக்கம்.

முதல்ல இணையத்துல விளம்பரம் போட்டேன். வந்தவர் பத்திரம் இருக்கான்னு கேட்டதுக்கு, "ஒரு தவளைக்கு யார் வந்து கேக்கப் போறா"ன்னு சொன்னார். கொடுக்கல. இங்க விக்டோரியாவிலயும் வாங்குறவங்க கையில பத்திரம் இருக்கணும். சட்டத்துக்காக மட்டும் நான் அதைப் பாக்கல. பத்திரம் எடுக்கவே சோம்பல்படுறவர், தினமும் தண்ணி மாத்துவாரா?

அப்புறம் கிடைச்சவங்க ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. போன்ல அவங்க என்னைத்தான் நிறைய கேள்வி கேட்டாங்க. என்ன எடை, கடைசியா எப்ப சாப்பிட்டது, தோல் உரிக்கிறது சரியா இருக்கா, கூட வேற தவளை இருந்துச்சான்னு. கேள்வி கேக்குறவங்களை நம்பிக் கொடுங்க. தங்களோட தவளைங்க கூடச் சேர்க்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் தனியா வைப்பேன்னு சொன்னப்ப எனக்குப் பாதி பாரம் இறங்கிருச்சு. இன்னொண்ணு, கையில ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தேன். எந்தச் செடிமேல தூங்கும், கரப்பான்தான் பிடிக்கும் புழு தொடாது, இடி இடிச்சா கத்தும்னு.

காலித் தொட்டியை ஒரு மாசம் எடுக்கவே இல்ல. அந்த மூலையைப் பாக்காம நடந்தேன். அதையும் சொல்லிடணும்னு தோணுச்சு.

பொண்ணுகிட்ட மறைக்காதீங்க அக்கா. பன்னிரண்டு பதிமூணு வயசுல வீட்டுக் கஷ்டம் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பதில்: ஹரோ, லண்டன்

இங்கே உங்கட பச்சைத் தவளையைக் கடையிலேயே விற்பார்கள், பத்திரம் தேவையில்லை. அதனால் யோசிக்காமல் வாங்கினவர்கள் அதிகம், நானும் ஒருவன். பதினைந்து, இருபது வருடம் இருக்கும் உயிர் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2022 ஒக்டோபரில் கரண்ட் யூனிட் 34 பென்ஸ் ஆனபோது காப்பகத்துக்குப் போன் எடுத்தேன், இடமில்லை என்றார்கள். இரண்டாவது, மூன்றாவது இடத்திலும் அதே பதில். மூன்று மாதம் காத்திருந்துதான் ஒருவர் கிடைத்தார். கையில் ஒன்றுமில்லாமல் போகிற நாள்வரை இருக்காதேங்கோ. இப்போதே கேட்டு வையுங்கோ, பிறகு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பெண்டில் ஹில், சிட்னி. நவம்பர் 2023

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கோ.

ஹரோ அண்ணா எழுதின அடுத்த நாளே சங்கத்துக்குப் போன் எடுத்தேன். அழாமல் கதைக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு எடுத்தேன். அங்கே கதைத்த அம்மா என்னிடம் காசைப் பற்றிக் கேட்கவேயில்லை. "இப்போது சூடாக இருக்கிறானா?" என்றுதான் முதலில் கேட்டா. வாழைப்பழப் பெட்டித் தவளைகள் பலதைப் பார்த்தவ. குளிர்காலம் முடியும்வரை தான் வைத்திருப்பதாகச் சொன்னா, பிறகு யோசிப்போம் என்றா.

மகளுக்கு அன்றிரவே சொன்னேன். அவள் அழவில்லை. "பல்ப் மாற்றாமல் விட்டது எனக்குத் தெரியும்" என்றாள். நான்தான் குசினிக்குள் போய் அழுதேன்.

செப்டெம்பரில் போய்ப் பார்த்தோம். கதலி பளிச்சென்ற பச்சையில், இன்னொரு தவளைக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தான். கொண்டுபோகிறீர்களா என்று அந்த அம்மா கேட்டா. இவருக்கு ஓவர்டைம் அப்போதும் வரவில்லை. மகள் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றாள். பத்திரக் கணக்கில் பெயர் மாற்றி எழுதிக் கொடுத்தோம். கிளேட்டன் தங்கச்சி சொன்னதுபோல ஒரு காகிதமும் எழுதினோம், அதை எழுதினது மகள், இரண்டு பக்கம்.

வென்ட்வொர்த்வில் அண்ணாவிடம் வாங்கின வூடீஸ் பெட்டியை அவள் விடவில்லை. லோண்டரி மூலையில், சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். நாலு மாதம் கை வைக்கவேயில்லை. போன சனிக்கிழமை முதல்தரமாக முப்பது எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, ரெயிலில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கதலிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு மாதமும் போவாளாம்.

அண்ணா, வாஸ்லின் இரண்டு விரல் அகலம் காணாது. மூன்று வேண்டும்.