கும்பகோணம் கடப்பா எங்கே கிடைக்கும்? பக்குவமும் வேண்டும்

வணக்கம். அடுத்த வாரம் குடும்பத்தோடு கும்பகோணம் போகிறோம். எங்கள் வீட்டில் பெரும்பாலும் சைவம்தான், எப்போதாவது மீன். போகிற ஊரின் சாப்பாட்டைத் தேடிச் சாப்பிடுவதில் எனக்கு அவ்வளவு ஆசை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு) எந்த ஓட்டலில், எந்தக் கிழமையில் போடுகிறார்கள்? தினமும் கிடைக்காது என்கிறார்களே.

வீட்டில் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்து ஊற்றுகிறேன். ருசி நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஆறியதும் களி போல இறுகிவிடுகிறது. பொட்டுக்கடலையைக் குறைத்துக் கசகசா சேர்க்கலாமா? எலுமிச்சை பிழிவதா, தக்காளி போடுவதா? பட்டை, லவங்கம் எவ்வளவு? மசாலா வாசனை பருப்பின் மணத்தை அமுக்கிவிடக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் உங்கள் வீட்டுப் பக்குவத்தைச் சொல்லுங்களேன்.